கலுங்குக் கல்லில் ஒரு கோடு

"கல்லு சாருங்களா?" என்றது தொலைபேசிக் குரல்.

இல்லை என்று சொல்லி வைக்கப் போனேன். அதற்குள் அந்தக் குரல், "ஒம்பது வருசத்துக்கு முன்னாடி மாசி மாசத்துல எங்க கண்மாய்க் கலுங்கைப் போட்டோ எடுத்துட்டுப் போனீகள்ல? எங்க வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சீக. நம்பரு குடுத்தீக, பேரு கேக்க விட்டுட்டேன். அதான் கல்லு சாருன்னு போட்டு வச்சிருக்கேன்" என்றது.

நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். புரட்டாசி பதினெட்டு, சனிக்கிழமை, காலை ஒன்பதே கால். அந்த மாதத்தில் வங்கியும் எரிவாயு ஏஜென்சியும் தவிர என்னைத் தேடி வந்த முதல் அழைப்பு அதுதான்.

பேசியவர் பாலுச்சாமி. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே ஒரு கண்மாயின் கீழே நிலம் வைத்திருக்கிறார். அங்குள்ள பாசனக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர். அந்தக் கண்மாயைச் சீரமைக்க அரசுப் பணம் வந்திருக்கிறது. கரையைப் பலப்படுத்தி, உள்ளே மண்டியிருக்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கி, கலுங்கைப் புதிதாகக் கட்டுகிற வேலை. கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்தோடக் கரையில் விடுகிற கல் வாசலுக்குத்தான் கலுங்கு என்று பெயர். பழைய கலுங்கின் தளத்தில் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருந்தார்கள். அதில் ஒன்றில், தண்ணீர் இதுவரை நிற்கலாம் என்று ஒரு கோடு வெட்டியிருந்தது. வேலை தொடங்கிய அன்று ஜேசிபிக்காரர் ஒரே காலையில் எல்லாக் கல்லையும் பெயர்த்து, உடைத்து, கரைச் சரிவில் போட்டு மண்ணை மூடிவிட்டார். தளம் மட்டும் மிச்சம். இப்போது கோடு எந்த உயரத்தில் இருந்தது என்று கண்மாய்க்குக் கீழே இருக்கும் ஊர் ஒன்று சொல்கிறது, மேலே இருக்கும் ஊர் வேறொன்று சொல்கிறது. அலுவலகத்தில் பழைய வரைபடம் கிடைக்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள ரெண்டு ஊரும் ஒரே அளவுல கையெழுத்துப் போடலைன்னா பணத்தை வேற கண்மாய்க்கு மாத்திருவாக சார். மழை வேற வரப்போகுது. பேத்துப்போட்ட கலுங்கோட மழையில சிக்குனா கரையே போயிரும். ஒங்க போட்டோ இருக்கா?"

போட்டோ இருந்தது. ஆனால் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று கிட்டத்தில் எடுத்தது. கோடும் இல்லை, தளமும் இல்லை. நோட்டில் ஏதாவது இருக்கலாம் என்றேன். எதுவாக இருந்தாலும் நானே நேரில் வர வேண்டும் என்றார். போனில் வரும் எதையும் மேலவூர்க்காரர்கள் நம்ப மாட்டார்களாம். (ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று இரண்டு தரப்பும் கேட்டுக்கொண்டதால் கீழவூர், மேலவூர் என்றே எழுதுகிறேன்.)

என் வேலையைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மன்னார்குடியில் தனியாக இருக்கிறேன். மடை, கலுங்கு, பாலம், சத்திரம் ஆகியவற்றின் கற்களில் வெட்டியிருக்கும் ஆண்டுகளைப் பார்த்துக் குறித்துவைப்பது என் பழக்கம். யாரும் கேட்டுச் செய்வதில்லை. பதினோரு நோட்டு நிறைந்திருக்கிறது. யாராவது கேட்டது இதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அருப்புக்கோட்டையில் இறங்கினேன். தீபாவளி நெருங்குவதால் நெசவுத் தெருக்களில் தறிச் சத்தம் ஓயவே இல்லை. லாட்ஜ் அறையின் சுவரில் கை வைத்தால் லேசாக அதிர்ந்தது. பக்கத்துக் கடையில் பரோட்டாவை எண்ணெயில் முறுகப் பொரித்து, நொறுக்கி, சால்னாவைத் தனியாக வைத்தார்கள். எங்கள் ஊரில் பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிடுகிறவன் நான். கொண்டுவந்து வைத்தவர் நான் ஊற்றுவதைப் பார்த்து, "ஏன்ணே, மொறுமொறுன்னு போட்டதே ஊறக்கூடாதுன்னுதானே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எதிரே இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதையும் வேறு மேசைக்காரர்கள் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

அறைக்குத் திரும்பி ஏழாம் நோட்டைப் புரட்டினேன். அந்தக் கலுங்கின் பக்கம் கிடைத்தது. கல்லில் வெட்டியிருந்த ஆண்டின் கடைசி இலக்கம் சிதைந்திருந்தது என்று எழுதியிருக்கிறேன். ஆண்டு தெரியாத கல் எனக்குப் பெரிய ஏமாற்றம். அந்த எரிச்சலில் கையிலிருந்த டேப்பை வைத்துக் கல்லின் அகலம், உயரம், கல்லுக்கும் கல்லுக்கும் இடைவெளி எல்லாவற்றையும் அளந்து தள்ளியிருக்கிறேன். ஐந்தாவது வரி: "தளத்திலிருந்து கோடு வரை பதினான்கு அங்குலம்." ஒன்பது வருடமாக நான் திரும்பிப் பார்க்காத வரி. இதைத்தான் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் சந்தோஷமாக இருந்தது. ஒரு மனிதருக்கு நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

புதன்கிழமை நரிக்குடி பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி, சொந்தக்காரர் மடியில். வானம் இருட்டிக்கொண்டு வந்து ஒன்றும் பெய்யாமல் விலகிப்போனது. யாரோ பெருமூச்சு விட, கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடியே, "மழை அருப்புக்கோட்டை வரைக்கும் நம்ம பஸ்லதான்யா வந்துச்சு. மேல போக டிக்கெட் எடுக்கலைன்னு எறக்கி விட்டுட்டேன்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. ஒரு கிழவர் மட்டும், "நீ எறக்கி விடுவடா. ஒனக்கு மாசமானா சம்பளம்" என்றார்.

திருச்சுழி தாண்டிக் குண்டாற்றுப் பாலத்தில் எட்டிப் பார்த்தேன். மணலும் நாணலுமாகக் கிடந்தது. அதற்குப் பின் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. எல்லாரும் இறங்கி அவரவர் வழியில் போய்விட, நான் விசாரித்துக்கொண்டு கருவேலங்காட்டு ஓரமாக நடந்தேன். கரிமூட்டங்கள் புகைந்துகொண்டிருந்தன. மண்ணால் மூடி, உள்ளே விறகைத் தீயில்லாமல் வேக விடுகிறார்கள். விளையாத வருடங்களில் இந்தச் சீமைக் கருவேலக் கரிதான் இங்கே சோறு போடுகிறது. அதே மரத்தைக் கண்மாயிலிருந்து பிடுங்கவும் அரசு பணம் கொடுக்கிறது.

பாலுச்சாமி பைக்கில் எதிரே வந்து ஏற்றிக்கொண்டார். ஐம்பத்தைந்து இருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். "நடந்தா வந்தீக? ஒரு போனு போடக் கூடாதா? ஊருக்குள்ள என்னையத்தானே வைவாக" என்றார். ஐந்து நிமிடத்தில் "சார்" போய் "அண்ணே" ஆகிவிட்டது. நான் அதைக் கவனித்தேன். இந்த வயதில் அப்படிச் சீக்கிரம் யாரும் என்னை நெருங்கியதில்லை.

கரை முனையில் திட்டத்தின் பெயர்ப்பலகை நின்றது. பணியின் பெயர், பரப்பு, மதிப்பீடு எல்லாம் எழுதியிருந்தார்கள். தொடங்கிய தேதி இருந்தது. முடிக்கும் தேதிக்கு எதிரே வெறும் கோடு. என் கண் அங்கேதான் போகும். பலகையைப் பார்த்து பாலுச்சாமி, "இந்தப் பணத்துக்கு நாலு வருசம் மனுக் குடுத்தோம்ணே. கலெக்டரு ஆபீசு, டவுனு, மெட்ராசுன்னு அலைஞ்சோம். ஊர்ல ஒவ்வொருத்தனும் பங்குக்கு ஆள் வேலை செய்யணும்னாக, செஞ்சோம். வந்த பணம் கலுங்குல வந்து நிக்குது" என்றார்.

கலுங்குத் தளத்தில் இறங்கினோம். பல் பிடுங்கிய ஈறு மாதிரி குழிகள் வரிசையாக இருந்தன. பாலுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டி ஒரு குழிக்குப் பக்கத்தில் நின்று முழங்காலுக்கு மேல் கையை வைத்தார்.

"இந்தா, இதுதான் கோடு. ரெண்டடி. நான் சின்னப்பயலா இருந்ததுல இருந்து தண்ணி இங்கனதான் நின்னுச்சு. எங்க அய்யா காலத்துலயும் அப்படித்தான். ஒங்க நோட்டுல அதானே இருக்கு?"

நான் பையைத் திறக்கவில்லை. "நோட்டு லாட்ஜில இருக்கு" என்றேன். பையில்தான் இருந்தது.

எப்படி இந்த வித்தியாசம் வந்தது என்று அவர் பேச்சிலிருந்தே எனக்குப் பிடிபட்டது. மழை ஓய்கிற சமயத்தில், இரண்டு ஊர்க்காரர்களும் கலுங்கில் கூடி, குத்துக்கற்களின் நடுவே வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்களாம். கோடு வரை வைக்கலாம். அப்படி வைத்தால் கடைசி மழைத் தண்ணீர் வீணாக வழியாது. "நாங்க விடியக்காலம் வந்து இன்னும் ரெண்டு கூடை போடுவோம். மேலவூர்க்காரக வந்து தட்டி விடுவாக. நாங்க திரும்பப் போடுவோம். அப்புறம் அவுகளுக்கும் சலிச்சுப் போச்சு" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் பிறப்பதற்கு முன்பே அந்த இரண்டு கூடை வழக்கமாகியிருக்க வேண்டும். அவர் கண்டதெல்லாம் மண்ணின் உயரம். கோடு அந்த மண்ணுக்குள் இருந்தது. பொய் சொல்கிற ஆள் இல்லை அவர்.

அவருடைய நிலம் கடைமடையில், கண்மாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. ஒரு ஏக்கர் நெல். "போன வருசம் கதிரு பால் பிடிக்கிற நேரத்துல தண்ணி தீந்துபோச்சு. வைக்கோலாத்தான் அறுத்தேன். ரெண்டடி நின்னா பத்து நாளைக்குத் தண்ணி கூட வரும்ணே. அந்தப் பத்து நாள்தான் எனக்கு நெல்லு." மகன் திருப்பூரில் இருக்கிறான். பனியன் கம்பெனியில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை சொல்லி வைத்திருக்கிறானாம். "இந்த வருசமும் வெளையலைன்னா நாற்காலியப் போட்டு கேட்டுல ஒக்கார வேண்டியதுதான்."

அவர் மனைவி ராசாத்தி குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார். "பொரட்டாசியில கவுச்சி திம்பீகளா, மாட்டீகளா தெரியல. அவரு கேக்காம சொல்லிட்டாரு. இல்லைன்னா மோர் இருக்கு" என்றார். நான் புரட்டாசியில் சாப்பிடுவதில்லை. அன்று சாப்பிட்டேன். மன்னார்குடியில் எனக்குச் சாப்பாடு ஒரு மெஸ்ஸிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் வருகிறது. கொண்டுவருகிறவர் மணியை அடித்துவிட்டு வாசலில் வைத்துப் போய்விடுவார். இங்கே ராசாத்தி இரண்டாவது தடவை கேட்காமலே சோறு வைத்தார். "கல்லு சாரு நல்லாச் சாப்பிடுறாரே. கல்லைத் தூக்குற ஆளுன்னுல்ல நெனச்சேன், கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாக" என்று கணவரிடம் சொன்னார். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வியாழக்கிழமை பாலுச்சாமிக்கு நரிக்குடி ஒன்றிய அலுவலகத்தில் வேலை. நான் கரையோடு நடந்து கண்மாயின் அடுத்த பக்கம், உள்வாய்க்குப் போனேன். கண்மாய் நிறைந்தால் தண்ணீர் கடைசியாகத் தொடுகிற விளிம்பு அது. மேலவூர்க்காரர்களின் பட்டா நிலங்கள் அந்த விளிம்பிலிருந்துதான் தொடங்குகின்றன. மழையை நம்பி விதைத்த பருத்தி சாண் உயரம் வளர்ந்திருந்தது. ஒரு பெண் குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா கீழவூர்க்காரன் கூட்டியாந்த சாட்சி?"

ஆமாம் என்றேன்.

"பாலுச்சாமி வீட்டுல என்ன சாப்பாடு? கோழியா, கருவாடா?"

"கருவாடு."

"அப்ப ஒரு அடிதான் கூடும். கோழின்னா ரெண்டடி ஏறியிருக்கும்" என்றார். அடுத்த வயலிலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் பெயர் முனியம்மாள். களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு செடிகளைக் காட்டினார். "நல்ல மழை பெஞ்ச வருசம் எங்களுக்குத்தான் கேடு. அவுக கலுங்கை அடைச்சு அடைச்சுத் தண்ணிய ஏத்துனாக. இந்தப் பருத்தியில ஏழெட்டு நாளு முழங்கால் தண்ணி. வேரு அழுகி, புடுங்குனா கையோட வந்துச்சு. காசு குடுத்து உழுது, காசு குடுத்து வெதைச்சு, கடைசியில அயிரமீனு பிடிச்சேன்."

"இப்ப கவர்மெண்டே சிமிண்டுல கட்டிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"மண்ணுன்னா தட்டி விடலாம். சிமிண்டை என்னத்தைத் தட்டுறது?" என்று திரும்பக் குனிந்துவிட்டார்.

கரையில் திரும்பி நடக்கும்போது எங்கள் ஊரை நினைத்தேன். அங்கே எங்கோ மலையடிவாரத்தில் யாரோ ஷட்டரைத் தூக்கினால் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. வராவிட்டால் திட்டுவதற்கு ஒரு மாநிலமே இருக்கிறது. இங்கே திட்ட வேண்டுமானால் பக்கத்து ஊரைத்தான் திட்ட வேண்டும். திட்டிவிட்டு அதே பஸ்ஸில் அடுத்த இருக்கையில் உட்கார வேண்டும். விழுந்த மழையை ஒரு கண்மாய் பிடித்து, மிச்சத்தை அடுத்த கண்மாய்க்கு விட்டு, அது நிறைந்து அதற்கடுத்ததுக்குப் போகிறது. நடுவே ஒரு கல்லில் ஒரு கோடு. அதை வெட்டியவர்களுக்கு இரண்டு ஊரின் குணமும் தெரிந்திருக்கிறது.

மாலை நாலு மணிக்கு பாலுச்சாமி வந்தார். கலுங்குக்கே கூட்டிப்போய் நோட்டைத் திறந்து ஐந்தாவது வரியைக் காட்டினேன். என் எழுத்து அவருக்குப் புரியவில்லை. படித்துச் சொன்னேன்.

குனிந்து தளத்துக் குழி ஒன்றைக் கையால் தடவிப் பார்த்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருடத்தில் என் நோட்டைப் பார்த்து யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"அன்னைக்குத் தளத்துல மண்ணு எம்புட்டு கெடந்துச்சு?"

புரிந்தது. தளத்தின் மேல் பத்து அங்குலம் மண் படிந்திருந்தால், நான் அளந்தது மண்ணுக்கு மேலே பதினான்கு. கோடு இரண்டடியில் வந்துவிடும். எழுதியது தப்பில்லை, அளந்ததும் தப்பில்லை. மண் இருந்ததா இல்லையா என்று நோட்டில் நான் குறிக்கவில்லை. படத்திலும் இல்லை.

ஆனால் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த வருடம் கண்மாய் நிறைந்து, அடைத்த மண்ணையும் அடித்துக்கொண்டு கலுங்கு பாய்ந்திருந்தது. தளம் சுத்தமாகக் கழுவிக் கிடந்தது. வெயில் ஏறுமுன், கொண்டுவந்த புளியோதரையை அந்தத் தளக் கல்லில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். உளி போட்ட தடம் தொடையில் குத்தியது. அதைச் சொன்னேன்.

"எழுதி வைக்கலையில்ல?"

"இல்ல."

"அப்ப மண்ணு கெடந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே. யாருக்குத் தெரியும்? ஒரு வார்த்தை." கெஞ்சவில்லை. வேலை முடிய ஒரு வழி இருப்பதைச் சொல்கிற தொனியில்தான் சொன்னார். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அந்தப் பக்கம் பருத்தி அழுகுமே" என்றேன்.

"இந்தப் பக்கம் நெல்லு காயுது சார்" என்றார்.

'சார்' திரும்பி வந்துவிட்டது. பைக்கில் மெயின் ரோட்டில் கொண்டுவந்து விட்டார். மறுநாள் சாப்பாட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. அருப்புக்கோட்டையில் இறங்கி ஒரு வண்டியில் பருத்திப்பால் வாங்கிக் குடித்தேன். சுக்கும் கருப்பட்டியுமாகச் சூடாக இருந்தது. குடித்து முடித்தும் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். போய்ப் பேச எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே ஆளை இழந்துவிட்டிருந்தேன். எந்த ஊரில்தான் இருக்கிறார்கள் என்றும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை பஸ் சரியாகப் போனது. இரண்டு ஊர்க்காரர்களும் வந்துவிட்டார்கள். கலுங்குக்கு இந்தப் பக்கம் கீழவூர், அந்தப் பக்கம் மேலவூர். நடுவில் தளத்தில், முக்காலியில் அளவுக் கருவியை நிறுத்தி, உதவிப் பொறியாளர் நின்றார். இளம்பெண். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார். அலுப்பு குரலில் தெரிந்தது. "எனக்கு ஒரே ஒரு அளவு வேணும். ரெண்டு ஊரும் ஒத்துக்கிட்ட அளவு. இன்னிக்கு சாயங்காலம் நான் ரிப்போர்ட் அனுப்பணும். இந்தப் பணத்துக்காக எட்டுக் கண்மாய்க்காரங்க என் ஆபீஸ் வாசல்ல நிக்கிறாங்க. நீங்க வேணாம்னா அவங்க எடுத்துக்குவாங்க."

மேலவூர் சார்பில் கையெழுத்துப் போட வந்தவர் முனியம்மாள் என்று அப்போதுதான் தெரிந்தது. சலவைச் சேலை கட்டிக்கொண்டு, முந்தின நாள் என்னைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல் நின்றார்.

நான் எந்தப் பக்கமும் சேராமல் தளத்தில் நின்று, ஐந்தாவது வரியைப் படித்தேன். என்றைக்கு அளந்தேன் என்பதையும் சொன்னேன். கீழவூர்ப் பக்கம் சலசலப்பு எழுந்தது. "இவரக் கூட்டியாந்தது யாரு, நம்ம ஆளுதானா?" என்று ஒரு குரல் கேட்டது.

பாலுச்சாமி கையமர்த்தினார். ஒரு படி இறங்கி வந்தார்.

"சார், அன்னைக்குத் தளத்துல மண்ணு கெடந்துச்சா இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எல்லாருக்கும் அது சாதாரணக் கேள்வி. எங்கள் இருவருக்கும் மட்டும்தான் அது இரண்டாவது தடவை. அவர் கண் என் முகத்திலேயே இருந்தது. முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் சாட்சியங்களை எழுதிப் பதிந்தவன் நான். தாளில் இல்லாத ஒன்றுக்கு நானே சாட்சி சொன்னது அதுதான் முதல் முறை.

"இல்லை. கல் கழுவிக் கிடந்தது" என்றேன்.

பொறியாளர் என்னைப் பார்த்தார், பாலுச்சாமியைப் பார்த்தார். மேலவூர்ப் பக்கம் யாரும் சத்தம் போடவில்லை. முனியம்மாள் மட்டும், "எழுதுங்கம்மா" என்றார்.

கீழவூரில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நாங்க போட முடியாது. பணம் போனாப் போகட்டும். மண்ணை வச்சுப் பாத்துக்கிறோம்."

பாலுச்சாமி திரும்பினார். "ஏலே, எதுல மண்ணு வைப்ப? கல்லெல்லாம் கரைக்குள்ள கெடக்கு. மழை வந்து இந்த ஓட்டை வழியாக் கண்மாயே ஓடிப்போச்சுன்னா பதினாலும் இல்ல, ரெண்டடியும் இல்ல. அடுத்த வருசம் நீ எந்த ஆபீசு வாசல்ல போய் நிப்ப?"

"ஒனக்குத்தான் கடைமட. ஒனக்கே தண்ணி வராது. அதைச் சொல்லு மொதல்ல."

"வராது. எனக்குத் தெரியாதா?" என்றார் பாலுச்சாமி. குரல் உயரவில்லை. பொறியாளரிடமிருந்து பேனாவை வாங்கி, தளத்தில் குந்தி, தொடையில் காகிதத்தை வைத்து முதல் கையெழுத்தைப் போட்டார். சங்கத்தின் முத்திரையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஊதி ஊதிக் குத்தினார். பிறகு காகிதத்தை முனியம்மாளிடம் நீட்டினார். முனியம்மாள் வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் பாலுச்சாமியைப் பார்த்தார்.

"கதிரு முத்துற நேரத்துல எங்க கெணத்துல தண்ணி கெடந்துச்சுன்னா கேளு. மோட்டாரு போட்டு விடுறேன். டீசலு ஒன்னோடது."

"ஒங்க கெணத்துக்கும் எங்க கடைமடைக்கும் ரெண்டு மைலு. டீசல் ஊத்துறதுக்கு நான் நெல்லையே வெலைக்கு வாங்கிருவேன்" என்றார் அவர். இரண்டு பக்கமும் லேசாகச் சிரித்தார்கள். முனியம்மாள் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் சமாதானம். கூட்டம் கலைந்தது. தளத்திலிருந்து பதினான்கு அங்குலத்தில், பக்கச் சுவரில் பொறியாளர் சிவப்புப் பெயிண்டால் ஒரு அடையாளம் போட்டார். திங்கட்கிழமையே சிமெண்ட் வேலை என்றார்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தப்பென்று சொல்லவும் இல்லை. கீழவூர்க்காரர்கள் என்னைத் தாண்டிப் போகும்போது பேச்சை நிறுத்திக்கொண்டு, தாண்டியதும் தொடர்ந்தார்கள். மேலவூர்க்காரர்கள் தலையசைத்தார்கள். எனக்குச் சொந்தமில்லாத ஒரு ஊரின் நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கும் வழி தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டை நோக்கி நடந்தேன். பாதித் தூரத்தில் பைக் வந்து நின்றது.

"ஏறுங்க" என்றார் பாலுச்சாமி. 'சார்' என்றும் சொல்லவில்லை, 'அண்ணே' என்றும் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் பைக்கை நிறுத்தி, இறங்காமல் காலை ஊன்றிக்கொண்டு இருந்தார். அருப்புக்கோட்டை பஸ் வர நேரமிருந்தது. போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, திருப்பூர் போவதாகச் சொன்னீர்களே என்றேன்.

"அங்க போய் என்ன செய்ய? கடைமடைக்கு நெல்லு வேணாம்னு முடிவு பண்ணியாச்சு. குதிரைவாலி போடுறேன். அதுக்கு வானத்துத் தண்ணி போதும். ராசாத்திகிட்டப் போன்ல சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"அந்த மனுசனுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியலையேன்னு வருத்தப்பட்டா." சற்று நிறுத்தி, "கருவாட்டுக் கொழம்பு வச்சது வீணாப் போச்சுன்னும் சொன்னா" என்றார்.

நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் ரோட்டைப் பார்த்தேன். தூரத்தில் பஸ் தெரிந்தது. அவர் வண்டியை உதைத்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்.

"அடுத்து இந்தப் பக்கம் வந்தீகன்னா போனு போட்டுட்டு வராதீக. போனு வந்துச்சுன்னா, வரச் சொல்லவா வேணாமான்னு யோசிப்பேன். நேரா வாசல்ல வந்து நின்னுட்டீகன்னா சோறு போடாம இருக்க முடியாதுல்ல."

பஸ் வந்துவிட்டது. பார்க்கலாம் என்று சொல்லி ஏறினேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்று எனக்குப் பழக்கமில்லை.